வெளி மாநிலத்திலிருந்து போய் எல்க் வேட்டையாட எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் டல்லாஸில் இருக்கிறார். க்ரீன் கார்டு வந்துவிட்டது. வீட்டில் யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அலுவலக நண்பர் கொடுத்த எல்க் (மேற்கு மாநிலங்களின் பெரிய மான்) இறைச்சியைச் சாப்பிட்டதிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது என்கிறார். கொலராடோவா, வயோமிங்கா, மொன்டானாவா? எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்? வழிகாட்டி இல்லாமல் முடியுமா? இப்படி மூன்று கேள்விகள். எனக்கென்னவோ அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று படுகிறது: வேட்டைப் பழக்கமே இல்லாத வீட்டிலிருந்து வரும் ஒருவர், ஆயிரக்கணக்கில் செலவழித்து அவுட்ஃபிட்டரை (வேட்டைப் பயணத்தைக் காசுக்கு ஏற்பாடு செய்து கூட்டிப்போகும் தொழில்காரரை) பிடிக்காமல், இதைத் தானாகக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் முதல் வருஷத்து வேலையில் பாதி காட்டில் இல்லை, விண்ணப்பப் படிவத்திலும் வரைபடத்திலும் இருக்கிறது.

நான் கொலராடோவில் குடியேறுவதற்கு முன்பு கான்சாஸிலிருந்து வெளியூர்க்காரனாகத்தான் இங்கே வந்து வேட்டையாடிக்கொண்டிருந்தேன். இப்போது வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் தன்னார்வப் பயிற்றுநராக இருக்கிறேன். கொலராடோ, வயோமிங் இரண்டும் நடந்து பழகிய இடங்கள். மொன்டானா, ஐடஹோ கொஞ்சம் தெரியும். நெவாடா, அரிசோனா, யூட்டாவில் விண்ணப்பம் போட்டதோடு சரி, வேட்டைக்குப் போனதில்லை. அதனால் அந்தப் பாலைவன மாநிலங்களை இங்கே விட்டுவிடுகிறேன். கட்டணமும் கடைசித் தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும். நான் சொல்லும் எண்களை ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பிக்கும் நாளில் அந்த வருஷத்து விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

முதலில் சட்டம். க்ரீன் கார்டு இருப்பவர் ரைஃபிள் வாங்கவும் வைத்திருக்கவும் மத்திய அரசுச் சட்டத்தில் விசா சார்ந்த தடை இல்லை. ஹெச்1பி போன்ற விசாவில் இருக்கும் நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: அவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் கையில் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. சிக்கல் எங்கே என்றால், லைசன்ஸ் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும், துப்பாக்கி மட்டும் வீட்டிலேயே இருக்கும். அந்த நிலையில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. அப்புறம், வேட்டைத் துறையின் கண்ணில் நீங்கள் உள்ளூரா வெளியூரா என்பதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. அந்த மாநிலத்தில் எவ்வளவு நாள் குடியிருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. கொலராடோவில் ஆறு மாதம், வயோமிங்கில் ஒரு வருஷம்.

அடுத்தது வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம். வயோமிங்கில் 1966. டெக்ஸாஸில் எடுத்த சான்றிதழை மேற்கு மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளும். டெக்ஸாஸில் 17 வயது நிறைந்திருந்தால் முழுவதையும் இணையத்திலேயே முடித்துவிடலாம். ஆனாலும் நேரில் நடக்கும் வகுப்புக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். கம்பி வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கீழே வைப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் திரையில் பார்த்தால் கைக்கு வராது.

இனி டேக். ஒரு குறிப்பிட்ட விலங்கை, குறிப்பிட்ட யூனிட்டில் (வேட்டைக்கென்று மாநிலம் பிரித்து எண் கொடுத்த பகுதியில்), குறிப்பிட்ட நாட்களில் ஒன்றே ஒன்று சுடலாம் என்கிற அனுமதிச்சீட்டு அது. கொலராடோவில் உள்ளூர்க்காரர் எழுபது டாலரை ஒட்டி வாங்கும் எல்க் லைசன்ஸுக்கு நீங்கள் 800 டாலருக்கு மேல் கொடுப்பீர்கள். இது அநியாயம் என்று சிலர் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்துவிட்டார்கள். மொன்டானாவில் உள்ளூர்க்காரருக்கு எல்க் 9 டாலர், வெளியூர்க்காரர் வாங்கியே ஆகவேண்டிய, பல விலங்குகளுக்குச் சேர்த்துத் தரும் கூட்டு லைசன்ஸ் 225 டாலர் என்று இருந்த காலத்து வழக்கு அது. பொழுதுபோக்கு வேட்டை ஒரு அடிப்படை உரிமை அல்ல, மாநிலம் தன் மக்களுக்குச் சலுகை காட்டலாம் என்று 1978இல் தீர்ப்பு வந்தது. இன்றும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்ற எண்ணத்தோடு வளர்ந்த நமக்கு இந்த ஊர் ஏற்பாடு விசித்திரமாகத் தெரியும். இங்கே மாநில வனவிலங்குத் துறைகள் பெரும்பாலும் இந்த லைசன்ஸ் பணத்திலும், 1937 முதல் துப்பாக்கி, தோட்டா மீது வசூலிக்கும் மத்திய வரியிலும்தான் ஓடுகின்றன. அதில் வெளியூர்க்காரர் கொடுக்கும் பங்கு பெரிது. டேக் எண்ணிக்கையில் கெடுபிடி, விலையைத் தீட்டுவதில் தாராளம் என்று நம்மை நடத்துவதற்குக் காரணம் அதுதான்.

பெரும்பாலான டேக்குகள் குலுக்கலில்தான் கிடைக்கும். குலுக்கலின் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கொலராடோவில் பிரிஃபரன்ஸ் பாயின்ட்: ஒவ்வொரு வருஷமும் கிடைக்காமல் போனால் ஒரு பாயின்ட் சேரும், அதிகப் பாயின்ட் வைத்திருப்பவருக்கு முதலில் டேக். வயோமிங்கில் வெளியூர்க்காரர் பங்கில் சுமார் 75 சதவீதம் பாயின்ட் வரிசையில் போகும், மீதி 25 சதவீதம் சுத்தக் குலுக்கல். பாயின்ட் எதுவுமே இல்லாதவருக்கும் அங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. நியூ மெக்சிகோவில் பாயின்ட் என்பதே கிடையாது. ஆனால் 84 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு வருபவருக்கு, தனியாக வரும் வெளியூர்க்காரருக்கு 6 சதவீதம்தான். மொன்டானாவில் எல்க்கை உள்ளடக்கிய கூட்டு லைசன்ஸ் வெளியூர்க்காரருக்கு 17,000 என்று சட்டத்திலேயே வரம்பு, கடைசி நாள் ஏப்ரல் 1, விலை ஆயிரம் டாலருக்கு மேல். ஐடஹோவில் முன்பு டிசம்பர் 1 அன்று கணினி முன்னால் வரிசையில் காத்துக்கிடந்து வாங்குவோம். 2026 வேட்டைப் பருவத்திலிருந்து அதையும் குலுக்கலுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்த புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு காரியம், நான்கைந்து மாநிலங்களில் பாயின்ட் வாங்கி வைத்துவிட்டுப் பத்து வருஷம் கழித்துப் பெரிய எல்க் சுடலாம் என்று உட்கார்ந்துவிடுவது. இதை நான் பலமாக எதிர்க்கிறேன். கொலராடோவின் வடமேற்கில் 2, 10, 201 யூனிட்டுகளுக்கு இருபதுக்கு மேல் பாயின்ட் வேண்டும். நீங்கள் ஒன்று சேர்த்தால் உங்களுக்கு முன்னால் நிற்பவரும் ஒன்று சேர்க்கிறார். தேவைப்படும் எண்ணும் ஏறிக்கொண்டே போகிறது. இன்று பூஜ்யத்தில் தொடங்கும் ஒருவர் அந்த யூனிட்டுகளை மறந்துவிடலாம். விதிகளும் நிலையாக நிற்பதில்லை: கொலராடோ வெளியூர்க்காரருக்கான பங்கை 25 சதவீதமாகக் குறைத்துவிட்டது, 2025 முதல் வில் வேட்டைக்கான கவுன்ட்டர் டேக்கையும் (குலுக்கல் இல்லாமல் நேராக வாங்குவது) வெளியூர்க்காரருக்கு நிறுத்திவிட்டது. பத்து வருஷம் கழித்துப் பாயின்ட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வயோமிங் எல்க் பாயின்ட் சுமார் 50 டாலர். அதை மட்டும் வருஷம் ஒன்று வாங்கிப் போடுங்கள், தவறில்லை. மற்றபடி இந்த இலையுதிர் காலத்திலேயே எது கிடைக்குமோ அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள். பாயின்ட் சேர்வது போல அனுபவம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் சேராது.

எது கிடைக்கும்? என்னிடம் கேட்டால் முதல் வேட்டைக்கு எல்க்கே வேண்டாம், வயோமிங்கின் ப்ராங்ஹார்ன் (மானைப் போன்ற புல்வெளி விலங்கு) பெட்டை டேக் எடுங்கள் என்பேன். விலை 50 டாலருக்குள்தான். சில யூனிட்டுகளில் குலுக்கல் முடிந்தும் மிச்சம் இருக்கும். திறந்த புல்வெளியில் நாள் முழுக்க விலங்கு கண்ணில் படும். ஒரு முறை கோட்டை விட்டாலும் மத்தியானத்துக்குள் அடுத்த வாய்ப்பு வரும். ஊர்ந்து நெருங்குவது, தூரம் கணிப்பது, சுட்ட பிறகு அறுப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் ஏராளமான ப்ராங்ஹார்ன்கள் செத்து டேக் எண்ணிக்கை குறைந்தது உண்மை. அதனால் மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே தனியார் நிலம் அதிகம் என்பதால் டேக் வாங்குவதற்கு முன்பே எந்தப் பொது நிலத்தில் கால் வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

இல்லை, எல்க்தான் வேண்டும் என்றால் கொலராடோ. எல்க் எண்ணிக்கையில் அமெரிக்காவில் முதலிடம் அதற்குத்தான். இரண்டாவது, மூன்றாவது ரைஃபிள் பருவங்களுக்கு, அதாவது அக்டோபர் கடைசி முதல் நவம்பர் பாதி வரைக்கும், பல யூனிட்டுகளில் ஆண் எல்க் டேக்கை இன்னும் நேராகக் கவுன்ட்டரில் வாங்கலாம். வெற்றி விகிதம் தோராயமாகப் பத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். குலுக்கலில் பூஜ்யம் அல்லது ஒரு பாயின்ட்டுக்குக் கிடைக்கும் பெட்டை எல்க் டேக் இதைவிடப் புத்திசாலித்தனம். கொம்பு கிடைக்காது, இறைச்சி கிடைக்கும். இறைச்சியைப் பார்த்துத்தானே வந்தீர்கள்?

வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன். கொலராடோவிலும் மொன்டானாவிலும் எல்க்குக்கு வழிகாட்டி கட்டாயம் இல்லை. வயோமிங்கில் ஒரு வினோதமான சட்டம் இருக்கிறது: மத்திய அரசு 'வில்டர்னெஸ்' என்று அறிவித்த பகுதிக்குள் வெளியூர்க்காரர் பெரிய விலங்கு வேட்டையாட வேண்டுமென்றால் லைசன்ஸ் பெற்ற வழிகாட்டியோ, அதற்கான இலவச அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரரோ கூடவே இருக்க வேண்டும். அதே இடத்தில் தனியாக முகாம் போடலாம், மீன் பிடிக்கலாம், மலையேறலாம், அதற்கெல்லாம் துணை தேவையில்லை. இது அவுட்ஃபிட்டர்களின் பிழைப்புக்காகப் போட்ட சட்டம் என்பது என் கருத்து, பாதுகாப்புக்காக என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் சட்டம் சட்டம்தான். வரைபடத்தில் அந்த எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே உள்ள சாதாரண தேசிய வனத்தில் இந்த நிபந்தனை இல்லை.

நிலம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேற்கில் தேசிய வனமும் மத்திய நில மேலாண்மைத் துறையின் நிலமும் கோடிக்கணக்கான ஏக்கர் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் தெற்கு வயோமிங் வரைபடத்தைத் திறந்தால் சதுரங்கக் கட்டம் தெரியும்: ஒரு சதுர மைல் பொது நிலம், அடுத்தது தனியார், மறுபடி பொது. 1862 முதல் ரயில் கம்பெனிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் கொடுத்ததன் மிச்சம் இது. இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் எடுத்து வைக்கலாமா? 2021இல் எல்க் மவுன்டன் என்ற இடத்தில் மிசூரியிலிருந்து வந்த நான்கு பேர், தனியார் மண்ணில் கால் படக்கூடாது என்று, ஒரு ஏணியை மூலைக்கு மேலே விரித்து ஏறி இறங்கினார்கள். அத்துமீறல் வழக்கு வந்தது, ஜூரி விடுவித்தது. நில உரிமையாளர் தொடுத்த சிவில் வழக்கிலும் 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அதே வருஷம் அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆக வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோவில் இன்றைய நிலவரம் ஓரளவு தெளிவு. மொன்டானாவும் ஐடஹோவும் வேறு வட்டாரம், இந்தத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது. அங்கே மூலை தாண்டாதீர்கள். எங்கே இருந்தாலும் போனில் ஆன்எக்ஸ் போன்ற ஒரு நில எல்லைச் செயலி, அதில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருப்பது அவசியம். மலையில் சிக்னல் கிடைக்காது.

துப்பாக்கி பற்றி வீணாக விவாதம் வேண்டாம். .270, .308, .30-06, 6.5 க்ரீட்மோர், இந்தத் தோட்டா வகைகளில் எதற்கான ரைஃபிள் கிடைத்தாலும் போதும். எல்க்குக்குக் கொலராடோ கேட்பது குறைந்தது .24 காலிபர் (தோட்டாவின் விட்டம், அங்குலத்தில்), 85 கிரெயின் எடையுள்ள தோட்டா. மேஜையில் சாய்த்துச் சுட்டுப் பழகுவது ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டும். மீதித் தோட்டாக்களை உட்கார்ந்து, மண்டியிட்டு, முதுகுப்பை மேல் சாய்த்து, படியேறி மூச்சு வாங்கும்போது சுட்டுப் பழகுங்கள். அந்த நிலையில் 200 கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் எல்லாக் குண்டும் விழுகிறதா? அதுவே உங்கள் தூரம். விழவில்லை என்றால் 150 கஜம்தான் உங்கள் தூரம். ரைஃபிளில் மிச்சம் பிடித்த பணத்தை நல்ல பைனாகுலருக்கும் பூட்ஸுக்கும் போடுங்கள். கொலராடோ ரைஃபிள் பருவத்தில் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் உடை, தலையிலும் அதே நிறம் கட்டாயம்.

டல்லாஸ் 500 அடி உயரத்தை ஒட்டிய ஊர். எல்க் இருக்கும் இடம் 8,000 முதல் 11,000 அடி. இரண்டு நாள் முன்னாலேயே வந்து தங்குங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் இறங்குவதுதான் வைத்தியம். சுமை தூக்கிக்கொண்டு நடக்கும் பயிற்சியை ஆறு மாதம் முன்னால் தொடங்க வேண்டும்.

இனி, புதியவர்கள் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய பகுதி. குண்டு விழுந்ததும் வேலை தொடங்குகிறது. வளர்ந்த ஆண் எல்க் 700 பவுண்டு எடை. அதைக் காட்டில் இழுத்துக்கொண்டு வர முடியாது. வயிற்றைத் திறக்காமலே இறைச்சியை எடுக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். சரிவில் விழுந்திருந்தால் முதலில் ஒரு காலைக் கயிற்றால் மரத்தோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் பாதி வேலையில் உருண்டுவிடும். பக்கவாட்டில் கிடக்கும் உடலில் பிடரியிலிருந்து வால் வரை முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி, வயிற்றுப் பக்கமாக உரித்து இறக்க வேண்டும். முன்னங்காலை உடலோடு பிணைக்கும் எலும்பு மூட்டு கிடையாது. காலைத் தூக்கிப் பிடித்தால் கத்தி சதைக்குள் வழுக்கிக்கொண்டு போய் அப்படியே கழன்று வரும். பின்னங்கால் இடுப்புக் கிண்ண மூட்டில் கழலும். அப்புறம் முதுகு நீளத்துக்கு ஓடும் சதை, கழுத்துச் சதை. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை விட்டு, வயிற்றுப் பையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்பக்க முதுகுச்சதையை உருவி எடுக்கலாம். பிறகு புரட்டிப் போட்டு மறுபக்கம். எலும்போடு ஒரு பின்னங்கால் அறுபது, எழுபது பவுண்டு வரும். தனியாள் என்றால் நான்கைந்து நடை. இரண்டு மைலுக்கு அப்பால் சுட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இறைச்சியைத் துணிப்பைகளில் போட்டு நிழலில், காற்று படும்படி தொங்கவிடுங்கள். கெடுவது தோலும் சூடும் மண்ணும் சேர்ந்துதான், முதலில் கெடுவது பின்னங்காலில் தொடையெலும்பை ஒட்டிய ஆழமான சதை. வெயில் நாளாக இருந்தால் அந்த எலும்பை உடனே எடுத்துவிடுங்கள். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஒரு துண்டோடு இயல்பாக ஒட்டியே இருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. உண்ணக்கூடிய இறைச்சியைக் காட்டில் விட்டுவந்தால் குற்றம். அப்புறம் க்ரானிக் வேஸ்டிங் என்ற மூளை நோய். 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் முதலில் கவனிக்கப்பட்டது, மானினங்களில் இன்று பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான நோயாளி இதுவரை யாரும் இல்லை. தொற்றவே தொற்றாது என்று சொல்லும் அளவுக்கு ஆதாரமும் இல்லை. பரிசோதனையில் நோய் உண்டு என்று வந்தால் சாப்பிடாதீர்கள் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அறிவுரை. நான் பின்பற்றுவதும் அதையே: தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை ஃப்ரீசரைத் தொடுவதில்லை. மூளை, முதுகுத்தண்டுப் பாகங்களை மாநில எல்லை தாண்டி எடுத்துப்போகப் பல மாநிலங்கள் தடை வைத்திருக்கின்றன. எலும்பு நீக்கிய இறைச்சியாகக் கொண்டுபோனால் பிரச்சினை இல்லை. சமைக்கும்போது நினைவில் வையுங்கள்: கொழுப்பே இல்லாத கறி இது. மிளகு வறுவலுக்குத் தாராளமாக எண்ணெய் விட வேண்டும், தொடைக்கறி என்றால் குக்கரில் விசில் கூடுதலாக வைக்க வேண்டும்.

ரைஃபிளும் பைனாகுலரும் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கூடாரத்தில் தங்கி, டல்லாஸிலிருந்து வண்டி ஓட்டிப் போய் ஒரு வாரம் எல்க் வேட்டையாட லைசன்ஸ் சேர்த்து 1,500 முதல் 2,000 டாலர் ஆகும். ப்ராங்ஹார்ன் பெட்டைக்கு அதில் பாதிக்கும் கீழே. வயோமிங் எல்க் விண்ணப்பம் பிப்ரவரி தொடக்கத்தில் முடிகிறது, கொலராடோ குலுக்கல் ஏப்ரல் முதல் வாரத்தில், வயோமிங் மானும் ப்ராங்ஹார்னும் ஜூன் தொடக்கத்தில். அதற்கு முன் சான்றிதழ் எண் கையில் இருக்க வேண்டும். எல்லாக் குலுக்கலிலும் தவறிவிட்டால் கொலராடோவில் ஜூனில் இரண்டாம் குலுக்கல் இருக்கிறது, ஆகஸ்டில் மிச்ச டேக் விற்பனை தொடங்கும். அதற்குப் பிறகும் திருப்பிக் கொடுக்கப்பட்ட டேக்குகளை வாரம்தோறும் பட்டியலில் போடுவார்கள். நல்ல பெட்டை எல்க் டேக்குகள் அதில் வந்து சில நிமிடங்களில் போய்விடும், கணக்கில் முன்பே உள்நுழைந்து காத்திருங்கள்.